ஐந்து வருடப் பூச்சு

தென்காசி
11 மே 2025

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முந்தாநாள் பேச்சு பாதியில் நின்றது டவர் இல்லாததால் அல்ல. நான்தான் போனை வைத்தேன். மாமியிடம் டவர் என்று சொல்லிவிட்டேன். உங்களிடம் அந்தப் பொய் எதற்கு?

இனி போன் செய்தால் மாமியிடம் பேசுங்கள், ஷிஃபாவிடம் பேசுங்கள். என்னைக் கூப்பிடாதீர்கள். நான் ஒன்று கேட்பேன். நீங்கள் நடுவில் புகுந்து, சாப்பிட்டாயா, ஷிஃபாவுக்குப் பல்வலி போச்சா, கார் உறையை உதறிப் போட்டாயா என்று பேச்சை எங்கேயோ இழுத்துப் போய்விடுவீர்கள். போனை வைத்த பிறகுதான் நான் கேட்டதற்குப் பதிலே வரவில்லை என்பது உறைக்கும். கடிதத்தில் அந்த வேலை நடக்காது. குறுக்கே பேச முடியாது பாருங்கள்.

கேட்பது ஒன்றுதான். ஆகஸ்டில் கான்ட்ராக்ட் முடிகிறது. மறுபடி கையெழுத்துப் போடப் போகிறீர்களா, ஊருக்கு வந்துவிடப் போகிறீர்களா? போன லீவில் "இதுதான்ட்டி கடைசி" என்றீர்கள். அதற்கு முந்தின லீவிலும் அதையேதான் சொன்னீர்கள். எனக்கு இருப்பே கொள்ளவில்லை. ஸ்கூலில் லீவு விடும்வரை, பிள்ளைகளுக்குப் பாடம் எழுதிப்போடும்போதும் மனசு அங்கேதான் கிடந்தது.

ஒன்று சொல்கிறேன். நீங்கள் வீடியோவில் வருகிற நேரம் தெரிந்தால் உங்கள் மகள் ஷிஃபா தலையைச் சீவிக்கொண்டு வந்து உட்காருகிறாள். வீட்டுக்கு விருந்தாளி வந்தால்தான் அவள் அப்படிச் செய்வாள்.

ஆம் என்றோ இல்லை என்றோ எழுதுங்கள். அதுவரை பேச மாட்டேன்.

மாஜிதா


ஷார்ஜா
24 மே 2025

மாஜிதாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உன் கடிதம் கடை முகவரிக்கு வந்து மொதலாளி மேஜையில் கிடந்தது. எல்லோரும் பார்த்துவிட்டார்கள். "என்னவே காஜா, கோர்ட் நோட்டீஸா?" என்று பிரின்ஸ் கேட்டான். பிரின்ஸ் தெரியுமல்லவா, ஆலங்குளத்துக்காரன், என் பக்கத்துக் கட்டில். அவன் லீவில் வருகிறான். இந்தக் கடிதமும் ஒரு பெட்டியும் அவன் கையில் வரும்.

நீ கேட்டதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். முதலில் பெட்டி.

அதில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி இருக்கும். செராமிக் கோட்டிங். நாள் முழுக்க நான் இங்கே ஊரான் வண்டிக்குப் போடுகிறேனே, அதேதான். நம் வண்டிக்கு ஒரு நாளாவது போட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. நீ கைப்பக்குவக்காரி, செய்துவிடுவாய். வேறு யாரையும் தொட விடாதே.

முதலில் வண்டியை நன்றாகக் கழுவு. பிறகு பெட்டியில் இருக்கிற களிக்கட்டியை எடு. பிசைந்து தட்டையாக்கி, சோப்புத் தண்ணீர் தெளித்து, வண்டி மேலெல்லாம் தேய். கண்ணுக்குத் தெரியாத மண், இரும்புத் துகள் எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். கை வழுக்கிக்கொண்டு போகிற வரைக்கும் விடாதே. நன்றாகக் காயவைத்து, ஸ்பிரே பாட்டிலில் இருக்கிற ஸ்பிரிட்டால் துடை. அழுக்கு மேலே பூசினால் அழுக்கும் உள்ளேயே அடைபட்டுப் போகும்.

பிறகுதான் பூச்சு. ஸ்பாஞ்சுக் கட்டையில் துணியைச் சுற்றி, சில சொட்டு மட்டும் விடு. கொஞ்சம் கொஞ்சம் இடமாக எடுத்து, நீளவாக்கில் ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை இழு. வானவில் மாதிரி நிறம் ஓடும். அதைப் பார்த்ததும் மெத்துத் துணியால் துடைத்துவிடு. அசந்தால் கருந்திட்டாக உறைந்துவிடும், அப்புறம் மெஷின் வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

முக்கியமானது இதுதான். பூசின பிறகு ஒரு நாள் முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. உறையும் போடக்கூடாது, ஒட்டிக்கொள்ளும். ஐப்பசி மழைக்குத்தான் இன்னும் மாசக்கணக்கில் இருக்கிறதே, அதனால் முற்றத்தில் திறந்தபடியே நிற்கட்டும். பெருநாள் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் போனதும் செய். ஜூன் 15, ஞாயிறு. உனக்கும் ஸ்கூல் இருக்காது.

சரியாகச் செய்துவிட்டால் ஐந்து வருடத்துக்குக் கவலை இல்லை. பெயிண்ட் மங்காது, தூசி ஒட்டாது, தண்ணீர் நிற்காமல் உருண்டு ஓடிவிடும்.

ஸ்டியரிங்கில் கை வைக்காதே. லைசென்ஸ் எடுத்திருக்கிறாய், சரி. அந்தத் தெருவில் திருப்புவது எனக்கே கஷ்டம்.

உம்மாவுக்கு முட்டுவலித் தைலம் வைத்திருக்கிறேன்.

காஜா


தென்காசி
8 ஜூன் 2025

மச்சானுக்கு,

பெட்டி வந்தது. பெருநாளன்று பிரின்ஸ் அண்ணனே கொண்டுவந்து கொடுத்தார். பிரியாணி சாப்பிட்டார். நான் கேட்டதற்குப் பதில் அவர் பையிலும் இல்லை.

இல்லை என்று எப்படிச் சொல்வது? இருக்கிறதே! ஐந்து வருடத்துக்குக் கவலை இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதானே பதில்? ஆகஸ்டில் வருகிற மனுஷன் மே மாசத்தில் வண்டிக்கு ஐந்து வருடப் பூச்சை அனுப்புவாரா? வந்து தன் கையாலேயே பூச மாட்டாரா? வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போகிறவன்தான் எல்லாவற்றையும் மூடி, கட்டி, பத்திரப்படுத்திவிட்டுப் போவான். அந்தக் குப்பியைக் கையில் வைத்துப் பார்த்தேன். பெட்டிக்குள்ளேயே திருப்பி வைத்துவிட்டேன்.

வண்டி வாசலில் நிற்கிறது, நான் பாவூர்சத்திரம் ஸ்கூலுக்குப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறேன். மார்க்கெட்டுக்கு வருகிற கத்திரிக்காய் மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு போகிறேன். ஒவ்வொரு லீவுக்கும் நீங்கள் வந்து உறையைக் கழற்றினால் பேட்டரி செத்துக் கிடக்கிறது. மெக்கானிக்கைக் கூப்பிட்டு உயிர் கொடுத்து, ஐந்தருவிக்கு ஒரு நடை, திருநெல்வேலிக்கு ஒரு நடை. மறுபடி உறை. அதற்கு வண்டி என்று பேர்.

போகட்டும். நீங்கள் சொன்ன நாளில், நீங்கள் சொன்னபடியே, ஒரு எழுத்து மாறாமல் செய்கிறேன். இங்கே வானம் எப்படி இருக்கிறது என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மாஜிதா


தென்காசி
17 ஜூன் 2025

மச்சானுக்கு,

செய்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை சுபுஹுத் தொழுகைக்குப் பிறகு ஆரம்பித்தேன். கழுவினேன். களிக்கட்டியைத் தேய்த்தேன். மஞ்சளாக இருந்தது, போனட்டு முடியுமுன் சாம்பல் நிறமாகிவிட்டது. இத்தனை வருடம் உறைக்குள்ளேயே இருந்த வண்டிக்கு எங்கிருந்து இவ்வளவு மண் வந்தது என்று தெரியவில்லை. ஸ்பிரிட் வாசனை மாமிக்குத் தலைவலி கொடுத்தது. "ஆசுபத்திரி மாதிரில்லா நாறுது" என்று மூக்கைப் பொத்திக்கொண்டே வாசற்படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள்.

பூச்சு நீங்கள் சொன்ன மாதிரியே வந்தது. நீளவாக்கில், பிறகு குறுக்கே. வானவில் ஓடியது. துடைத்தேன். ஒரு கருந்திட்டு கிடையாது. பின்கதவில் ஷிஃபா தன் முகத்தைப் பார்த்துப் பொட்டுப் போல ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கையை எடுத்தாள், அப்படிப் பளபளத்தது. கடைசியாகப் போனட்டை முடித்தபோது மதியம் லுஹருக்குப் பாங்கு சொன்னார்கள். சுள்ளென்று வெயில். வண்டியின் அந்த நீலம் எனக்கே பிடித்துப் போயிற்று. உங்களுக்குப் படம் அனுப்பலாம் என்று போனை எடுத்துவிட்டுக் கீழே வைத்தேன்.

தொழுதுவிட்டு வெளியே வந்தேன். மலைப்பக்கமிருந்து காற்று வந்தது. வெயில் அடித்தபடியே இருக்க, சாரல் விழுந்தது.

மாமி கத்தினார்கள். "ஏட்டி, வண்டில சாரல் விழுது! மூடுட்டி! எதையாவது கொண்டாந்து பிடிட்டி!"

நான் அசையவில்லை. உறை போடக்கூடாது என்று எழுதியிருக்கிறீர்கள், போடவில்லை. மச்சான், உண்மையைச் சொல்கிறேன். விழும் என்று எனக்குத் தெரியும். ஜூன் பிறந்த நாளிலிருந்து விழுந்துகொண்டுதான் இருக்கிறது. குற்றாலத்தில் சீசன். ரோடெல்லாம் வெளியூர் வேன். ஊரே ஸ்வெட்டரைத் தேடுகிறது. சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும், ஆனி மாசம் தென்காசியில் திறந்த முற்றத்தில் ஈரம் படாமல் ஒரு சேலை காயுமா என்று. உங்களுக்குத் தெரியவில்லை. உங்கள் லீவு எப்போதும் ஐப்பசியில்தான் விழும். அதனால் உங்களுக்கு ஐப்பசி மழை மட்டும்தான் ஊர் மழை. தென்காசியில் பிறந்து வளர்ந்த நீங்கள் சாரலை மறந்துவிட்டீர்கள்.

மாமி நம்பவில்லை. உங்கள் கடிதத்தை எடுத்துவந்து அந்த வரியை வாசித்துக் காட்டினேன். "எம் மவனா எழுதிருக்கான்? சாரல்ல ஆடிட்டு வந்து காய்ச்சல்ல கெடப்பானே, அந்தப் பய எழுதுனதா இது?" என்று கேட்டார்கள். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்கள். பிறகு முந்தானையால் போனட்டைத் துடைக்கப் போனார்கள், நான் தடுத்தேன். உள்ளே போய்ப் படுத்துவிட்டார்கள். சாப்பிடவில்லை.

மறுநாள் வெயிலில் பார்த்தேன். போனட்டு முழுக்க, கூரை மேல் முழுக்க, சொட்டு விழுந்த இடமெல்லாம் வெள்ளை வட்டம். சோப்புப் போட்டாலும் போகவில்லை. நன்றாக உறைந்துவிட்டது. ஐந்து வருடத்துக்கு இருக்கும் என்று நினைக்கிறேன்.

மாஜிதா


ஷார்ஜா
28 ஜூன் 2025

மாஜிதா,

உனக்குக் கொழுப்பு. வேறு வார்த்தை எனக்கு வரவில்லை. தெரிந்தே செய்தாயா? என் மேல் கோபம் என்றால் என்னைத் திட்டு. வண்டி என்ன செய்தது உன்னை? ஒரு வார்த்தை, சாரல் அடிக்கிறது என்று ஒரே ஒரு வார்த்தை போனில் சொல்லியிருந்தால் போதாதா? உம்மாவிடம் போய் வாசித்து வேறு காட்டியிருக்கிறாய். நான் போன் செய்தால் உம்மா தொழுகிறார்கள் என்கிறாள் ஷிஃபா. எப்போது கூப்பிட்டாலும் தொழுகையா? பின்னால் உம்மா குரல் கேட்கிறது, "இல்லன்னு சொல்லுட்டி" என்று. பெற்ற தாயையும் எனக்கு எதிராக

30 ஜூன்

மேலே எழுதியதைக் கிழித்துப் போட நினைத்தேன். இருக்கட்டும், படி.

இரண்டு நாளாக வேலை ஓடவில்லை. ஒரு வண்டிக்குப் பூச்சு முடித்து, கஸ்டமருக்குக் காட்டுவதற்காகப் போனட்டில் தண்ணீர் அடித்தேன். அப்படித்தான் காட்டுவோம். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும், அவர்கள் கை தட்டுவார்கள். அன்றைக்கு அந்தச் சொட்டுகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கஸ்டமர் போன பிறகும் நின்றேன். கூட வேலை செய்கிற புனலூர்க்காரன் வந்து என்ன என்று கேட்டான். சொன்னேன். "எடா, இடவப்பாதி நினக்கு மறந்நோ?" என்று சிரித்தான். மலைக்கு அந்தப் பக்கம் பெய்கிற அந்த இடவப்பாதி மழையின் மிச்சம்தானே நம் சாரல். அவனுக்கு ஞாபகம் இருக்கிறது. நான் படுத்துக்கொண்டு யோசித்துப் பார்க்கிறேன், சாரல் மேலே படுகிறபோது எப்படி இருக்கும் என்று. வரவில்லை மாஜிதா. ஏசிக் காற்றுத்தான் மேலே படுகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

கான்ட்ராக்ட் காகிதம் என் அலமாரியில் இருக்கிறது. ஜூலை 15க்குள் கொடுக்க வேண்டும். கையெழுத்துப் போடவில்லை. போட மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

நீ குப்பியைப் பார்த்துக் கண்டுபிடித்தது பாதி சரி. நான் இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் வராமலே போய்விட்டால் என்ன என்று ஒரு யோசனை உள்ளே ஓடியிருக்கத்தான் வேண்டும். இல்லாவிட்டால் ஏன் அனுப்பினேன்?

லீவில் வந்தால் முதல் வாரம் எனக்குக் கறி, மீன், கோழி. சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்கு என்ன வேலை? தண்ணீர் மோட்டார் சுவிட்ச் எது என்று தெரியாது. ஷிஃபா எந்த வகுப்பு என்று யாராவது கேட்டால் உன் முகத்தைப் பார்ப்பேன். போன லீவில் சீனி டப்பாவைத் தேடி எல்லா டப்பாவையும் திறந்தேன், நீ சிரித்தாய். நீங்கள் எல்லோரும் நான் இல்லாமலே நன்றாக நடத்திப் பழகிவிட்டீர்கள். அங்கே என் பொறுப்பில் இருக்கிறது என்று நான் சொல்லிக்கொள்ள அந்த வண்டி ஒன்றுதான். அதனால்தான் உன்னை ஓட்ட விடவில்லை. அதையும் நீ எடுத்துக்கொண்டால் நான் வந்து எதைத் தொடுவது?

எழுதிவிட்டேன். போனில் இதைச் சொல்லியிருக்க மாட்டேன். நீ சொன்னது சரிதான்.

வா என்று எழுது. வருகிறேன்.

காஜா


தென்காசி
8 ஜூலை 2025

மச்சானுக்கு,

கடிதம் பிந்திவிடுமே என்று கூரியரில் போடுகிறேன். 15க்குள் கிடைக்க வேண்டும், கிடைக்காவிட்டாலும் நீங்கள் முடிவு செய்ய வேண்டியதுதான்.

வா என்று எழுத மாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. நான் எழுதி நீங்கள் வந்தால், என்றைக்காவது மோட்டார் ரிப்பேராகிற அன்றைக்கு, "நீ கூப்பிட்டியேன்னுதான் எல்லாத்தையும் விட்டுட்டு வந்தேன்" என்பீர்கள். அந்தச் சொல்லைக் கேட்க என்னால் முடியாது. வருவதாக இருந்தால் நீங்களாக வாருங்கள். வராவிட்டால் அதையும் நீங்களாகவே எழுதுங்கள். அழுவேன். பிறகு ஸ்கூலுக்குப் போவேன்.

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு முற்றத்தில் போய் உட்கார்ந்தேன். சீனி டப்பாவுக்குச் சிரித்தது தப்பு. எனக்கு அன்றைக்கு அது தெரியவில்லை.

ஆனால் ஒன்று, வண்டியை எடுத்துவிட்டேன். இனி கேட்க வேண்டாம். சாரல் விழுந்த மறுவாரத்திலிருந்து ஓட்டுகிறேன். பளபளவென்று இருந்தவரை எனக்கே தொடப் பயமாக இருந்தது. புள்ளி விழுந்த பிறகு அந்தப் பயம் போய்விட்டது. தெருவில் திருப்பக் கஷ்டம் என்றீர்களே, ரிவர்ஸில் வந்தால் ஒரே மூச்சில் திரும்பிவிடுகிறது. மாமி இப்போது ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ கேட்பதில்லை. முன்சீட்டில் உட்கார்ந்து "அந்தா மாடு, இந்தா மாடு" என்று சொல்லிக்கொண்டே வருகிறார்கள். உறையை மழைக்கு விறகு மேல் போட்டாயிற்று.

பேட்டரி இப்போது சாவதில்லை, தெரியுமா?

மாஜிதா


ஷார்ஜா
19 ஜூலை 2025

மாஜிதாவுக்கு,

கூரியர் 14ஆம் தேதி கிடைத்தது. அன்று முழுக்க உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. காகிதத்தை எடுத்தேன், வைத்தேன். மறுநாள் மொதலாளியிடம் போய் வெறுங்காகிதமாகவே திருப்பிக் கொடுத்தேன். "யாரு கூப்பிட்டா?" என்றார். யாரும் கூப்பிடவில்லை என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு காலையில் திருவனந்தபுரம். நானாகத்தான் வருகிறேன். பயம் போகவில்லை, அதையும் கூடவே கொண்டுவருகிறேன்.

பாலிஷ் மெஷின் வாங்கியிருக்கிறேன். அந்தப் புள்ளிகளை வேறு எதனாலும் எடுக்க முடியாது. ஏர்போர்ட்டுக்கு ஒரு வாடகை வண்டி சொல்லி வை. மலைப்பாதை, வளைவு, லாரி. நீ வர வேண்டாம்.

ஷிஃபா என்ன வகுப்பு? எழுது.

காஜா


தென்காசி
31 ஜூலை 2025

மச்சானுக்கு,

ஐந்தாம் வகுப்பு. பி பிரிவு.

மாமியிடம் தேதியைச் சொன்னேன். "சும்மா சொல்லுதான், பாரு" என்றார்கள். சொல்லிவிட்டு உங்கள் தலையணையை வெயிலில் போட்டார்கள். எனக்கும் நம்பிக்கை பாதிதான். டிக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பாதீர்கள், முன்பும் ஒரு தடவை அனுப்பிவிட்டுத்தான் தேதியை மாற்றினீர்கள். ஆளாக வந்து நில்லுங்கள், நம்புகிறேன்.

வாடகை வண்டி சொல்லவில்லை. போன ஞாயிறு புளியரை தாண்டி ஆரியங்காவு வரை ஓட்டிப் பார்த்தேன். மாமி வழியெல்லாம் ஓதிக்கொண்டே வந்தார்கள். போகும்போது வளைவுக்கு வளைவு நிறுத்தி நிறுத்திப் போனேன், திரும்பி வரும்போது நிறுத்தவில்லை. நான்தான் வருவேன். நீங்கள் வராவிட்டால் வெறும் வண்டியைத் திருப்பி ஓட்டிக்கொண்டு வரவும் எனக்குத் தெரியும்.

மெஷின் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். வந்த அன்றைக்கே எடுத்துத் தேய்க்கக் கிளம்பாதீர்கள். முதலில் முற்றத்தில் நில்லுங்கள். சாரல் இன்னும் விழுகிறது, ஆகஸ்ட் முடிய விழும். கொஞ்சம் மேலே படட்டும்.

தண்ணீர் மோட்டார் சுவிட்ச் புழக்கடைக் கதவுக்குப் பின்னால், இடது பக்கம். சீனி டப்பா மேல்தட்டில், பச்சை மூடி.

ஏர்போர்ட் வாசலில் நீல வண்டி நிறைய நிற்கும். நம்பர் உங்களுக்கு நினைவிருக்குமோ என்னவோ. போனட்டைப் பாருங்கள், வெள்ளைப் புள்ளி விழுந்தது நம்முடையது. முன்சீட்டு மாமிக்கு. நீங்கள் பின்னால் ஷிஃபாவோடு உட்காருங்கள்.

அவளுக்குத் தலை சீவிவிடாமல்தான் கூட்டிவருவேன்.

மாஜிதா